பரதேசி, வரத்தன், அதிதி: வந்தோரை மட்டாஞ்சேரி ஏற்ற விதம்

(சற்று நீண்ட பதிவு. மொழியியல், வரலாறு, புலப்பெயர்வு ஆய்வுகளில் ஈடுபாடுடைய மாணவ நண்பர்களை மனத்திற்கொண்டு எழுதியது.)

மட்டாஞ்சேரியைப் பற்றிய எழுத்துகளுள் பெரும்பாலானவை ஓர் எண்ணிக்கையோடு தொடங்குகின்றன. சில சதுரக் கிலோமீட்டர் பரப்பிற்குள் 30 சமூகங்கள், பதினைந்து பதினாறு தாய்மொழிகள் என்பது அவற்றின் முதல் வரி. அடுத்த வரியில் ‘சகிப்புத்தன்மை’ என்னும் சொல் வரும். அதற்கடுத்து யூதத் தெருவின் மணிக்கூண்டுப் படம் வரும். 2012இல் கொச்சி-முசிறி பினாலே தொடங்கியபின் இவ்வகை எழுத்து பல மடங்கு பெருகிவிட்டது. அந்த எண்ணிக்கையை நான் மறுக்கவில்லை. ஆனால் எண்ணிக்கை வரலாறாகாது. தோணியிலிருந்தோ கால்நடையாகவோ வந்திறங்கிய ஒரு குடும்பம் மறுநாள் எங்கே தங்கியது, யாரிடம் கடன் பெற்றது, வழக்கு நேர்ந்தால் எந்த மொழியில் யாரிடம் முறையிட்டது, இறந்தால் எங்கே புதைக்கப்பட்டது என்னும் கேள்விகளை இவ்வெழுத்துகள் கேட்பதில்லை. இன்று அரசுகளும் தன்னார்வ அமைப்புகளும் ‘புதியவர்க்கான ஆதரவுத் திட்டம்’, ‘பண்பாட்டுப் பன்மை மேம்பாடு’ என்று பெயரிட்டு நடத்தும் செயல்கள் இவ்வூரில் அப்பெயரின்றி ஐந்நூறு ஆண்டுகளாக ஏதோ ஒரு வடிவில் நடந்துவந்துள்ளன. அந்த வடிவம் எது என்பதே இங்கு என் கேள்வி.

சொற்களிலிருந்து தொடங்குகிறேன், என் பயிற்சி அதுதான். மட்டாஞ்சேரியின் புகழ்பெற்ற யூதத் தொழுகைக்கூடத்தின் பெயர் பரதேசி யூதப்பள்ளி. கட்டப்பட்ட ஆண்டு 1568. ‘பரதேசி’ என்பதற்கு இங்கே பிறதேசத்தார் என்பதே பொருள், அதில் இழிவில்லை. ஐபீரிய நாடுகளிலிருந்தும் மேற்காசியாவிலிருந்தும் வந்த யூதர்கள் அப்பெயரைத் தமக்கு உரிய அடையாளமாகவே தாங்கினர். அதே சொல் தமிழில் முதலில் ஊர்விட்டு ஊர் செல்லும் துறவியைக் குறித்து, பின் இரந்துண்பவரைக் குறித்து, இறுதியில் வசைச்சொல்லாகச் சரிந்தது. மலையாளத்தில் ‘வரத்தன்’ என்றொரு சொல் உண்டு. வெளியிலிருந்து வந்தவன் என்பது பொருள். நமது ‘வரத்து’ என்னும் சொல்லோடு உறவுடையது. வெள்ள வரத்து, நெல் வரத்து என்று நாம் பொருள்களுக்கு வழங்குவதை மலையாளம் மனிதனுக்கு வழங்குகிறது. அச்சொல்லில் ஒரு விலக்கம் ஒலிக்கவே செய்கிறது. நம் ‘வந்தேறி’ அளவுக்குக் கூர்மையானதன்று.

‘விருந்து’ என்பதை இவற்றோடு வைத்துப் பார்க்க வேண்டும். அச்சொல்லின் அடிப்பொருள் புதுமை. தொல்காப்பியம் எண்வகை வனப்புகளுள் ஒன்றாக விருந்தைச் சொல்லும்போது புதுவது புனையும் யாப்பையே கருதுகிறது. உணவுக்கும் உபசாரத்திற்கும் அங்கு இடமில்லை. புதிதாய் வந்தவர், அவர் புதியவர் என்பதனாலேயே விருந்தினர். பொருள் பின்னர் விரிந்து உணவைத் தொட்டது. ஒரு மொழி புதியவரைக் குறிக்க எந்தச் சொல்லைத் தேர்கிறது என்பதில் ஒரு சமூகத்தின் கொள்கை முழுதும் அடங்கிவிடுவதில்லை. ஆயினும் அச்சொல் சட்ட ஆவணத்திலும் அரசாணையிலும் ஏறும்போது அதற்கு விளைவுகள் உண்டு. கேரள அரசு இன்று வழங்கும் ‘அதிதி தொழிலாளி’ என்னும் தொடருக்குப் பின்னர் வருகிறேன்.

பரதேசி யூதப்பள்ளியில் பாதுகாக்கப்படும் செப்பேடுகள் மட்டாஞ்சேரியைவிடப் பழையவை. சேர மன்னன் பாஸ்கர ரவி கி.பி. 1000ஐ ஒட்டி முயிரிக்கோட்டிலிருந்து, அதாவது கொடுங்கல்லூரிலிருந்து, யோசேப்பு இரப்பான் என்னும் யூத வணிகத் தலைவர்க்கு அளித்த சாசனம் அது. வட்டெழுத்திலும் இடையிடையே கிரந்தத்திலும் எழுதப்பட்ட அதன் மொழி பழந்தமிழா பழைய மலையாளமா என்னும் வாதம் நம் துறையில் ஓயாதது; அதை இங்குத் திறக்கப் போவதில்லை. உள்ளடக்கமே முக்கியம். அஞ்சுவண்ணம் என்னும் வணிகக் குழும உரிமையோடு 72 விடுபேறுகள் அதில் வழங்கப்படுகின்றன. பகல்விளக்கு, பாவாடை, பல்லக்கு, குடை முதலியவை அவற்றுள் அடங்கும். நகரத்துப் பிற குடிகள் செலுத்தும் வரிகளை அவர் செலுத்த வேண்டியதில்லை. அவர்கள் பெறும் பயன்களை அவரும் பெறுவார். இவ்வுரிமை மரபுவழித் தொடரும். இதற்கு ஒன்றரை நூற்றாண்டு முந்திய 849ஆம் ஆண்டின் தரிசாப்பள்ளிச் செப்பேட்டில் சாட்சியர் கூஃபிக் அரபியிலும் பகலவியிலும் யூதப் பாரசீகத்திலும் கையொப்பமிட்டுள்ளனர். வந்தவர்கள் தம் எழுத்திலேயே கையொப்பமிடலாம், அது செல்லும் என்பது ஓர் அரசியல் ஏற்பாடு.

இச்சாசனங்களில் நான் காண்பது மூன்று கூறுகள். தனக்கென்று ஓர் இடம், தன் விவகாரங்களைத் தானே பார்த்துக்கொள்ளும் ஒரு குழு, அரசின் எழுத்துபூர்வமான ஒப்புதல். அன்பும் சகிப்பும் ஆவணத்தில் எழுதப்படுவதில்லை. தெருவும் வரிவிலக்கும் எழுதப்படும்.

இம்முறை மட்டாஞ்சேரியில் எவ்வாறு செயற்பட்டது என்பதை அறிய யூதர்களைவிடக் கொங்கணியரே சிறந்த சான்று என்பது என் கருத்து. யூதத் தெரு சுற்றுலாப் பயணிகளின் கண்ணுக்கு அழகானது என்பதால் ஆய்வாளர் கவனமும் அங்கேயே குவிந்துவிட்டது. கோவாவில் போர்த்துக்கீசியர் ஆட்சி 1510இல் தொடங்கியது. 1560இல் அங்குச் சமய விசாரணை மன்றம் நிறுவப்பட்டது. அந்நூற்றாண்டு முழுதும் கௌட சாரஸ்வதப் பிராமணர் அலையலையாகத் தெற்கு நோக்கிப் பெயர்ந்தனர். கொச்சியிலும் போர்த்துக்கீசியர் இருந்தனர். 1503 முதல் அவர்தம் கோட்டை இங்கே உண்டு. ஆயினும் கோட்டைக்கு வெளியே, அரசனின் நிலமாகிய மட்டாஞ்சேரியில், கொங்கணியர் குடியமர முடிந்தது. செர்லாயில் திருமலைத் தேவசம் கோயில் 1599இல் எழுந்தது. அக்கோயிலை வழிபாட்டிடமாக மட்டும் நோக்கினால் அதன் பணி விளங்காது. புதிதாய் வரும் குடும்பம் முதலில் அணுகும் வாசல் அது. உணவு, தங்குமிடம், அறிமுகம், வணிகத் தொடர்பு, வழக்குத் தீர்ப்பு ஆகியவை அதன் வழியே கிடைத்தன. 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கொச்சி அரசர் அளித்த சாசனம் கொங்கணியர் வாழ்ந்த பகுதியில் அவர்தம் விவகாரங்களை அவர்களே தீர்த்துக்கொள்ளும் அதிகாரத்தை வழங்கிற்று. 1663இல் டச்சுக்காரர் கொச்சியைக் கைப்பற்றியபின் இச்சமூகம் கம்பெனியின் பாதுகாப்பின்கீழ் வந்தது. ‘கனாரின்’ என்று டச்சு ஆவணங்கள் குறிக்கும் வணிகர்கள் இவர்களே.

இவ்வேற்பாட்டின் அறிவுசார் விளைவொன்று நம் துறைக்கு நேரடியாக உரியது. டச்சு ஆளுநர் வான் ரீட் முன்னின்று தொகுத்த ‘ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ்’ 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்தது. சேர்த்தலைப் பகுதியைச் சேர்ந்த ஈழவ வைத்தியர் இட்டி அச்சுதனோடு ரங்க பட், விநாயக பண்டிட், அப்பு பட் என்னும் மூன்று கொங்கணி மருத்துவரும் அதற்குப் பங்களித்தனர். 1675ஆம் ஆண்டுத் தேதியிட்ட அவர்களது சான்றுரை, கொங்கணி மொழியில், நாகரி எழுத்தில், முதல் தொகுதியில் அச்சாகியுள்ளது. இட்டி அச்சுதனின் சான்றுரை கோலெழுத்தில் உள்ளது. செடிகளின் பெயர்கள் பல எழுத்துகளில் பொறிக்கப்பட்டன. மலையாளத்திலிருந்து போர்த்துக்கீசியம், போர்த்துக்கீசியத்திலிருந்து டச்சு, அதிலிருந்து இலத்தீன் என்னும் மொழிபெயர்ப்புச் சங்கிலி அந்நூலின் முதுகெலும்பு. புலம்பெயர்ந்து வந்த ஒரு சமூகத்தின் மூன்றாம் தலைமுறையோ நான்காம் தலைமுறையோ தன் மொழியிலேயே, தன் எழுத்திலேயே சான்றளித்து ஓர் ஐரோப்பிய அறிவியல் நூலில் இடம்பெற்றதென்றால், அதற்கு முன் நூறாண்டுக் காலம் அம்மொழி வீட்டிலும் கோயிலிலும் கணக்கேட்டிலும் உயிரோடிருந்திருக்க வேண்டும். யாரும் அவர்களைக் கொங்கணியைக் கைவிடச் சொல்லவில்லை. கற்றுக்கொடுக்கவும் இல்லை, அதை அவர்களே பார்த்துக்கொண்டனர்.

(ஓர் இடைக்குறிப்பு: 1966இல் கொங்கணி பாஷா பிரச்சார சபை தொடங்கப்பட்டது கோவாவில் அன்று, கொச்சியில்தான். கொங்கணியைச் சாகித்திய அகாதெமி 1975இல் ஏற்றதற்கும், 1992இல் அது எட்டாம் அட்டவணையில் சேர்ந்ததற்கும் பின்னால் நிகழ்ந்த உழைப்பில் கொச்சியின் என். புருஷோத்தம மல்லையாவுக்குப் பெரும் பங்குண்டு. தாயகத்தினும் புலத்தில் மொழிப்பற்று கூர்மையடையும் என்பதற்கு ஈழத்தமிழரையே எடுத்துக்காட்டிப் பழகிய நமக்கு இது நல்ல ஒப்பீடு.)

எனினும் இக்கதையை இவ்வளவில் நிறுத்துவோர் ஒரு பாதியையே சொல்கின்றனர். சாசனம் தந்த அரசகுலமே அதைக் கிழிக்கவும் வல்லது. 1791இல் சக்தன் தம்புரான் காலத்தில் கொங்கணி வணிகர்கள் கொல்லப்பட்டனர். அவர்தம் செல்வம் பறிக்கப்பட்டது. கோயிலின் மூர்த்தி திருவிதாங்கூருக்கு எடுத்துச்செல்லப்பட்டு, 1853இல்தான் மட்டாஞ்சேரிக்குத் திரும்பியது. அறுபதாண்டுகளுக்கும் மேலாக ஒரு தெய்வம் அகதியாக இருந்தது. ‘மட்டாஞ்சேரியில் எக்காலத்தும் பூசல் இல்லை’ என்னும் விளம்பர வாசகத்தை எழுதுவோர் இந்த ஆண்டுகளை நினைவில் கொள்வது நலம். அரசரின் தயவால் பெற்ற உரிமை, அவருக்குப் பணம் தேவைப்படும் நாளில் இல்லாமற்போகும்.

இரண்டாவது குறை இதனினும் ஆழமானது. அது உள்ளிருந்து வருவது. தன் விவகாரங்களைத் தானே பார்த்துக்கொள்ளும் உரிமை பெற்ற குழு, தனக்குள் யாரைக் குழுவினராக ஏற்பது என்பதையும் தானே முடிவுசெய்தது. கோவாவிலிருந்து வந்தவர் சாரஸ்வதர் மட்டுமல்லர். கொங்கணியையே தாய்மொழியாகக் கொண்ட குடும்பிகளும் வந்தனர். வயல்வேலையும் அவல் இடிப்பும் சுமைத்தொழிலும் அவர்களுக்கு வாய்த்தன. ஒரே மொழி, ஒரே புலப்பெயர்வு; ஆயினும் வாசல் ஒன்றன்று. கேரளக் கொங்கணி என்று இலக்கணம் எழுதும்போது யாருடைய கொங்கணி எழுதப்படுகிறது என்பதை மொழியியல் மாணவர்கள் கேட்டாக வேண்டும்.

யூதரிடையே நிகழ்ந்தது இன்னும் விந்தையானது. மலபார் யூதர்கள் பரதேசிகளுக்குப் பல நூற்றாண்டு மூத்தவர்கள். 16ஆம் நூற்றாண்டில் வந்து சேர்ந்த பரதேசிகள், தம்மை ஏற்ற மூத்த சமூகத்தின் தூய்மையை ஐயுற்று, அவர்களோடு மணவுறவு கொள்ள மறுத்தனர். இச்சிக்கல் எகிப்தில் வாழ்ந்த சமயச் சட்ட அறிஞர் தாவீது பென் சிம்ராவிடம் வினாவாக அனுப்பப்பட்டது. முறைப்படி மதம் தழுவியோரும் விடுவிக்கப்பட்டோரும் மணத்திற்கு உரியரே என்னும் போக்கில் அவர் விடையளித்தார். விடை வந்தும் வழக்கம் மாறவில்லை. வந்தவர்கள் இருந்தவர்களை வெளியே நிறுத்தினர். யோசேப்பு இரப்பானின் செப்பேடோ வந்தவர்களின் தொழுகைக்கூடத்திலேயே தங்கியது. பரதேசிச் சமூகத்துக்குள்ளும் ‘மெசுக்ராரிம்’ எனப்பட்ட, விடுவிக்கப்பட்ட அடிமைகளின் வழிவந்தோர், தொழுகைக்கூடத்தின் முன்கூடத்தில் ஒதுங்கியிருக்க வேண்டியிருந்தது, மேடையேறித் தோரா வாசிக்கும் உரிமை அவர்களுக்கு இல்லை, இடுகாடும் வேறு. வழக்கறிஞர் ஆபிரகாம் பராக் சாலம் (1882–1967) தொழுகைக்கூடத்துக்குள்ளேயே சத்தியாக்கிரகம் செய்து இதை எதிர்த்தார். வைக்கம் போராட்டத்தைக் கண்ட நூற்றாண்டில், அதே நிலப்பகுதியில், யூதப்பள்ளி ஒன்றில் நுழைவுப் போராட்டம் நிகழ்ந்தது என்பதை நம் சமூக வரலாற்றுப் பாடத்திட்டங்களில் காண்பது அரிது.

அசிஷ் நந்தி கொச்சியைப் பற்றி 2000இல் எழுதிய கட்டுரையைப் பலர் படித்திருப்பீர்கள். கொச்சியின் பன்மை ஐரோப்பிய அறிவொளிக் காலச் சகிப்புத்தன்மையின் வகையைச் சார்ந்தது அன்று. சமூகங்கள் ஒன்றன்மீது ஒன்று கொண்ட ஏளனத்தையும் விலக்கத்தையும் உள்ளடக்கியே, அவற்றை வன்முறையாக முற்றவிடாமல், உடன்வாழ்ந்தன என்பது அவர் வாதத்தின் சாரம். இதில் பெரும் உண்மை உண்டு. ஆனால் விலக்கத்தால் இழந்தவர் யார் என்னும் கணக்கை அவர் போதிய அளவு எழுதவில்லை. குடும்பியும் மெசுக்ராரும் அக்கணக்கில் வருவர்.

குசராத்தியர், சமணர், கச்சி மேமன்கள், தக்கினி முஸ்லிம்கள், மராத்தியர், தெலுங்குச் செட்டிகள் ஆகியோரின் கதைகளும் ஏறத்தாழ இதே அச்சில் அமைந்தவை: வணிகமோ படையோ தொழிலோ அழைத்து வந்தது, தெரு கிடைத்தது, மகாஜனமோ ஜமாஅத்தோ உருவாயிற்று, பின்னர் பள்ளிக்கூடம் எழுந்தது. தமிழ்ப் பிராமணருக்கு ஊட்டுப்புரைகளும் சமூக மடங்களும் இருந்தன. அரசு செலவில் புதியவர்க்குச் சோறிட்ட அந்த ஊட்டுப்புரைகள் ஒரு சாதிக்கு மட்டுமே திறந்திருந்தன என்பதை ‘ஆதரவுத் திட்ட’ வரலாற்றில் மறவாமல் எழுத வேண்டும்.

நான் சற்று நின்று பேச விரும்புவது வேறொரு தமிழ்ச் சமூகத்தைப் பற்றி. கோட்டைக் கொச்சியின் வெளிப் பகுதியில் உள்ள தோபிகானாவில் இன்றும் துணி வெளுக்கும் தமிழ் வண்ணார் குடும்பங்கள், தம் முன்னோரை 18ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர் படைவீரர் சீருடைகளை வெளுப்பதற்காகத் தமிழகத்திலிருந்து அழைத்துவந்தனர் என்னும் வாய்மொழி மரபைக் கொண்டுள்ளன. இவர்களுக்குச் செப்பேடு இல்லை, வரிவிலக்கு இல்லை, பல்லக்குமில்லை. டச்சு ஆளுநர்கள் தம் பின்வந்தோர்க்கு எழுதிவைத்த நீண்ட குறிப்புரைகளில் யூதர்க்கும் கொங்கணியர்க்கும் தனி இடமுண்டு. ஆட்சியாளரின் துணியை வெளுத்தவரின் குடியேற்றத்தை அறிய வாய்மொழியையே நாட வேண்டியிருக்கிறது. குளக்கரைகளில் நடந்த தொழிலுக்கு 1976இல்தான் பெருங்கொச்சி வளர்ச்சிக் குழுமம் கட்டடம் எழுப்பித் தந்தது. அங்கே ஒவ்வொருவர்க்கும் தனித்தனித் துவைகல் தடுப்பு; கஞ்சி போடும் இடம்; கவ்விகளே இன்றி, முறுக்கிய இரட்டைக் கயிற்றின் இடுக்கில் துணி முனையைச் செருகி உலர்த்தும் கொடிகள்; கரிப்பெட்டிகள். நிர்வாகம் வண்ணார் சங்கத்தினுடையது. வீட்டில் தமிழ், வெளியே மலையாளம். கொங்கணியர்க்குக் கோயில் எதுவோ அதுவே இவர்களுக்குத் துறை: தொழிலிடமும் அதுவே, சபையும் அதுவே. மொழி மூன்று நூற்றாண்டு தாண்டி நிலைத்ததற்குப் பள்ளிக்கூடமோ இலக்கிய மன்றமோ காரணமன்று. ஒன்றாகச் செய்யும் வேலையும் உள்மண உறவுமே காரணம் என்று கருதுகிறேன். தாழ்த்தப்பட்ட தொழிலோடு பிணைந்த மொழி அத்தொழிலைவிட்டு இளைய தலைமுறை வெளியேறும்போது என்னாகும் என்பது இங்குள்ள உண்மையான மொழியியல் வினா. தொழில் போக வேண்டும், மொழி இருக்க வேண்டும் என்று வெளியிலிருந்து விரும்புவது நமக்கு எளிது.

சமூகவாரியான இவ்வேற்பாட்டுக்கு மாற்றாக மட்டாஞ்சேரி கண்ட ஒரே பெரிய அமைப்பு தொழிற்சங்கம். துறைமுகத்தில் ‘சாப்ப’ முறை நிலவிய காலம் அது. வேலைக்கு நிற்கும் கூட்டத்தினிடையே கங்காணி உலோக வில்லைகளை வீசியெறிவான். அடித்துப்பிடித்துப் பொறுக்கியவனுக்கு அன்று வேலை. அவ்வில்லைக்குக் கைநீட்டியவரிடையே முஸ்லிமும் கிறித்தவரும் இந்துவும் இருந்தனர்; பழங்குடியினரும் புதிதாய் வந்தவரும் இருந்தனர். 1953 செப்டம்பர் 15 அன்று இம்முறைக்கு எதிரான போராட்டத்தில் மட்டாஞ்சேரியில் துப்பாக்கிச் சூடு நிகழ்ந்து தொழிலாளர் உயிரிழந்தனர். யூதத் தெருவுக்கு வரும் பயணிகளின் கையேடுகளில் இந்நாள் இடம்பெறுவதில்லை. ‘துறமுகம்’ என்னும் மலையாளத் திரைப்படம் 2023இல் வந்தபின் சிலருக்குத் தெரிந்திருக்கும். வந்தவர், இருந்தவர் என்னும் பிரிவைத் தாண்டி இவ்வூரில் உருவான பொதுமை கோயிலிலும் பள்ளியிலும் உருவானதன்று, வேலை கேட்கும் வரிசையில் உருவானது.

இனி நிகழ்காலம். கேரளத்திற்கு வெளிமாநிலத் தொழிலாளராக முதலில் பெருவாரியாகச் சென்றவர் தமிழரே. கொச்சித் துறைமுகத்தையொட்டிய வாத்துருத்தியில் அவர்கள் நெருக்கியடித்து வாழ்ந்த ஒற்றையறை வீடுகள் இன்றும் உள்ளன. பின்னர் வங்காளம், அசாம், ஒடிசா, பீகார் மாநிலத்தவர் வந்தனர். 2013இல் குலாத்தி நிறுவனம் செய்த ஆய்வு அவர்தம் தொகையை 25 லட்சம் என மதிப்பிட்டது. 2010இலேயே கேரளம் இவர்களுக்கென நலத்திட்டம் ஒன்றைத் தொடங்கியிருந்தது; 2017இல் ‘ஆவாஸ்’ மருத்துவக் காப்பீடு வந்தது. இந்தியாவின் பிற மாநிலங்களோடு ஒப்பிட இவை பாராட்டத்தக்கவை. இதில் எனக்கு ஐயமில்லை.

இக்காலத்தில் பெயரும் மாறிற்று. ‘அன்யசம்ஸ்தான தொழிலாளி’ என்பதில் ‘அன்ய’ உறுத்தியது, ‘இதரசம்ஸ்தான’ வந்தது, அதுவும் போய் ‘அதிதி தொழிலாளி’ அரசுவழக்காயிற்று. நோக்கம் நல்லது. ஆனால் ‘அதிதி’ என்பதற்கு மரபான சொற்பிறப்பு ‘திதி இல்லாதவர்’, வரும் நாள் குறியாதவர் என்பது. போகும் நாளை அச்சொல் வெளிப்படையாகக் கூறுவதில்லை, கூறாமலே உணர்த்துகிறது. விருந்தாளி வீட்டுக்காரர் ஆவதில்லை. பரதேசி என்று அழைக்கப்பட்டவர்க்குத் தெருவும் இடுகாடும் குழுவும் இருந்தன. அதிதி என்று மதிக்கப்படுபவர்க்கு வாடகை அறையில் ஒரு பாய் அகலம் இருக்கிறது, வாக்கு பெரும்பாலும் சொந்த ஊரில் இருக்கிறது. சொல் மேன்மையடைந்து நிலை சுருங்கியது. இதே காலத்தில் தமிழகத்தில் நாம் ‘வடக்கன்’ என்னும் சொல்லைப் புழங்கத் தொடங்கினோம். 2023 மார்ச்சில் திருப்பூர்த் தொழிலாளர் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொலிகள் பரவியபோது தொடர்வண்டி நிலையங்களில் கூடிய கூட்டம் நினைவிருக்கலாம். கேரளத்தைக் குறைகூறும் உயரத்தில் நாம் இல்லை.

மொழிக்கல்வியில் இரு முயற்சிகளைச் சொல்ல வேண்டும். இரண்டும் 2017இல் எறணாகுளம் மாவட்டத்தில் தொடங்கின. முதலாவது எழுத்தறிவு இயக்கத்தின் ‘சங்ஙாதி’; புலம்பெயர் தொழிலாளர்க்கு மலையாளம் எழுதப் படிக்கக் கற்பிக்கும் திட்டம். பெரும்பாவூரில் தொடக்கம். அதன் பாடநூலின் பெயர் ‘ஹமாரி மலையாளம்’. இப்பெயரைத் தமிழில் எப்படிப் பெயர்ப்பீர்கள்? ‘நம் மலையாளம்’ என்றா, ‘எங்கள் மலையாளம்’ என்றா? கேட்பவரை உள்ளடக்கும் தன்மைப் பன்மைக்கும் விலக்கும் தன்மைப் பன்மைக்கும் தமிழிலும் மலையாளத்திலும் தனித்தனி வடிவங்கள் உண்டு. இந்தியின் ‘ஹம்’ அவ்வேறுபாட்டை அறியாது. நூலின் பெயர் இந்தியில் அமைந்ததால் கேரள அரசு விடையளிக்க வேண்டிய கேள்வி ஒன்று நயமாகத் தப்பிவிட்டது.

இரண்டாவது, மாவட்ட நிர்வாகம் தொடங்கிய ‘ரோஷ்ணி’. இது தொழிலாளரின் குழந்தைகளுக்கானது. பினானிபுரம் அரசுப் பள்ளியில் முளைவிட்டுப் பின் பல பள்ளிகளுக்குப் பரவிற்று. காலைச் சிற்றுண்டியும் அதில் உண்டு. நம் துறையினர் கவனிக்க வேண்டியது அதன் பயிற்றுமுறை: மொழி மாற்றிப் பேசுவதையே முறையாகக் கொண்டது. இந்தியோ வங்காளமோ ஒடியாவோ அறிந்த தன்னார்வலர், குழந்தையின் மொழியில் தொடங்கி, வாக்கியத்தின் நடுவில் மலையாளத்தை நுழைத்து, சிறிது சிறிதாக விகிதத்தை மாற்றிச் செல்வர். நம் வகுப்பறைகளில் கலப்பு, பிழை, சோம்பல் என்று திருத்தப்படும் பேச்சுமுறை அங்கே கருவியாகிறது. சங்ஙாதி, வந்தவரைத் தன் மொழிக்கு வரச் சொல்கிறது. ரோஷ்ணி பாதி வழி சென்று அழைத்துவருகிறது. மட்டாஞ்சேரியின் பழைய ஏற்பாட்டில் இவ்விரண்டும் இல்லை. அங்கே அரசு எவர்க்கும் மலையாளம் கற்பிக்கவுமில்லை, எவர் மொழியையும் வகுப்பறைக்குள் அழைக்கவுமில்லை. சந்தை மலையாளத்தைக் கற்பித்தது. தெரு தாய்மொழியைக் காத்தது.

ரோஷ்ணியின் எல்லைகளும் தெளிவானவை. அது சட்டமன்று, திட்டம். நிதியும் தன்னார்வலரும் உள்ளவரை நடக்கும். பிளைவுட் ஆலையில் வேலை முடிந்து பெற்றோர் வேறு ஊருக்கு நகர்ந்தால் குழந்தையும் நகரும்; புதிய ஊரின் பள்ளியில் அந்த முறை இருக்கவேண்டுமென்பதில்லை. வங்காள மொழி அவ்வகுப்பறையில் மலையாளத்துக்கு ஏறும் படியாக இருக்கிறது. ஏறியபின் படி தேவையில்லை என்பது திட்டத்தின் உட்கிடை. செர்லாயின் கொங்கணியோ வெளியின் தமிழோ அப்படிப் படியாக வைக்கப்படவில்லை. அவற்றைப் பேசியவர்களுக்குத் தமக்கென ஒரு சபையும், அதில் தம் மொழியில் சண்டையிட உரிமையும் இருந்தன. பெரும்பாவூரில் ஞாயிற்றுக்கிழமைதோறும் வங்காளமும் அசாமியமும் ஒடியாவும் பேசும் பெருங்கூட்டம் சந்தையில் திரள்கிறது. பலகாரக் கடைகள், கைப்பேசிக் கடைகள், திரையரங்குகள் எல்லாம் அவர்களை நம்பி நடக்கின்றன. அக்கூட்டத்தின் பெயரால் நகராட்சியிடம் ஒரு மனு கொடுக்க வேண்டுமெனில், யார் கையொப்பமிடுவது என்பதற்கு இன்னும் விடையில்லை.